பஸ்ஸில் தொண்டை கிழியக் கத்துகிறேன், மைக்கைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது

ரெண்டு விசில் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் மதுரையில் அரசு டவுன் பஸ் கண்டக்டர். வயது 44. பெரியார் நிலையத்தில் எடுத்தால் செக்கானூரணி, திரும்ப பெரியார், இதுதான் என் உலகம். காளவாசல் சிக்னலில் நிற்கும்போது வண்டிக்குள் எழுபது எண்பது பேர் இருப்பார்கள். "படியில நிக்காதீங்க, மேல ஏறி வாங்க, அந்தா அம்புட்டு இடம் கிடக்குல்ல" என்று ஒரு குரல் கொடுத்தால் கடைசி சீட்டில் தூங்குகிற ஆள்கூட எழுந்து நகர்ந்து உட்காருவார். 2021-இல் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் இலவசம் என்று வந்தது அல்லவா, அப்போது சுருக்குப் பையை அவிழ்த்துக் காசை நீட்டிய ஒவ்வொரு பாட்டியிடமும் காசு வேண்டாம் என்று விளக்கியவன் நான். நம்பாமல் கையில் திணித்துவிட்டுப் போன பாட்டிகள் உண்டு. சில்லறைத் தகராறு, சீட்டுத் தகராறு, குடித்துவிட்டு ஏறுகிறவர்கள், எதிலும் எனக்கு வார்த்தைக்குப் பஞ்சம் வந்ததில்லை. "உங்க வாய்க்குத் தனியா லைசென்ஸ் எடுக்கணும்" என்பாள் வீட்டுக்காரி.

மைக் முன்னால் நின்றால் இந்த வாய் எங்கே போகிறது என்று தெரியவில்லை.

போன வருஷம் எங்கள் டிப்போவில் ஒரு மெக்கானிக் ஓய்வு பெற்றார். "நீதான் நல்லாப் பேசுவியே, ரெண்டு வார்த்தை பேசு" என்று தள்ளிவிட்டார்கள். முதல் நாள் இரவு போனில் தேடி ஒரு பேச்சை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, ஒரு முழுத்தாளில் எழுதிக்கொண்டு போனேன். மேடை ஏறியதும் தாள் வாழையிலை மாதிரி ஆட ஆரம்பித்துவிட்டது. தலையைத் தூக்காமல் படித்துக்கொண்டே போனேன். "அவர் நம்மை விட்டுப் பிரிந்தாலும் அவரது நினைவுகள் நம் நெஞ்சில் என்றும் வாழும்" என்று ஒரு வரி. படித்து முடித்த பிறகுதான் அது இரங்கல் கூட்டத்துப் பேச்சு என்று உறைத்தது. மாலையும் பொன்னாடையுமாக அவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், உயிரோடு! பின்வரிசையில் ஒருவன் சிரித்தான், அப்புறம் கூடமே சிரித்தது. அவர் சம்சாரம் மட்டும் சிரிக்கவில்லை. இன்றைக்கும் டீக்கடையில் என்னைப் பார்த்தால் "நெஞ்சில் வாழுறவர் எப்படி இருக்காரு?" என்று கேட்கிறார்கள்.

இப்போது விஷயம் என்னவென்றால், என்னோடு ஒன்பது வருஷமாக ஒரே வண்டியில் ஓடிய டிரைவர் அண்ணன் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். 60 முடிகிறது. இவருக்கு நான் பேசாமல் வேறு யார் பேசுவது? யாரும் தள்ளிவிடவில்லை, நானாகவே பேரைக் கொடுத்துவிட்டேன். கொடுத்த நாளிலிருந்து வயிறு சரியில்லை. இன்னும் 18 நாள் இருக்கிறது. பேச்சுப் பயிற்சிக்குப் போக நேரமும் இல்லை, காசும் இல்லை. இருக்கிறதை வைத்து எப்படித் தேறுவது? கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன், சிரிப்புதான் வருகிறது.


இலந்தைக்குளம் எழுதியது:

அண்ணே, உங்கள் வண்டியில் நானும் ஏறியிருப்பேன். நான் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஆபீசில் டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்று ஒரு மன்றம் நடக்கிறது. 1924-இல் அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் தொடங்கியது, உலகம் முழுக்க உண்டு. அங்கே திடீரென்று ஒரு தலைப்பைக் கொடுத்து இரண்டு நிமிஷம் பேசச் சொல்வார்கள். ஒரு நிமிஷத்தில் பச்சை, ஒன்றரையில் மஞ்சள், இரண்டில் சிவப்பு என்று விளக்குக் காட்டுவார்கள். கிட்டத்தட்ட காளவாசல் சிக்னல்தான். நாம் இடையிடையே போடும் "ஆ", "ம்" எல்லாவற்றையும் எண்ணுவதற்கென்றே ஒரு ஆள் இருப்பார். முதல் நாள் என் இரண்டு நிமிஷப் பேச்சில் "வந்து" என்று 31 தடவை சொல்லியிருக்கிறேன். எண்ணிச் சொன்னபோது அவமானமாக இருந்தது, ஆனால் பாதி அங்கேயே உதிர்ந்துவிட்டது.

நீங்கள் மன்றத்துக்கெல்லாம் போக வேண்டாம். போனில் இரண்டு நிமிஷம் பேசிப் பதிவு செய்து கேளுங்கள். கண்ணாடியை விட அது கறாரான வாத்தியார்.


திருமங்கலம் டீச்சர் எழுதியது:

கண்டக்டர் தம்பி, நான் 26 வருஷமாகத் தமிழாசிரியை. பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவள் என்பதால் சொல்கிறேன். எழுதாமல் மேடை ஏறாதீர்கள், ஆனால் எழுதியதை மேடையில் படிக்காதீர்கள். எழுதும்போது மனதில் ஒரு வரிசை விழும், அது போதும்.

பயப்படுவதில் வெட்கம் எதுவும் இல்லை. வள்ளுவர் சொல்வன்மை, அவை அறிதல், அவை அஞ்சாமை என்று சபையில் பேசுவதற்காகவே மூன்று அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். அந்தக் காலத்திலும் கால் நடுங்கியவர்கள் இருந்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? "இணரூழ்த்தும் நாறா மலரனையர் கற்றது உணர விரித்துரையா தார்." கொத்துக் கொத்தாகப் பூத்தும் மணக்காத பூ மாதிரியாம், தெரிந்ததை எடுத்துச் சொல்லத் தெரியாதவர்கள்.

அப்புறம் காந்தி. தமுக்கத்துப் பக்கம் மியூசியத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் இந்தக் கதையைத் தவறாமல் சொல்வேன். லண்டனில் படிக்கும்போது சைவ உணவுக்காரர்கள் கூட்டத்தில் எழுதிவைத்ததைப் படிக்கக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை, வேறு ஒருவர் படித்தார். வக்கீலாகி பம்பாயில் முதல் வழக்கு. குறுக்கு விசாரணைக்கு எழுந்தார், தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வரவில்லை, உட்கார்ந்துவிட்டார். வாங்கிய 30 ரூபாயையும் விட்டுக்கொடுத்துவிட்டு, வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொன்னார். தன் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். அந்த மனிதர்தான் 1921-இல் நம் மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோது அரை வேட்டிக்கு மாறி, அதோடு கூட்டத்துக்கு முன் போய் நின்றார். உங்களுக்கு ஒரு டிப்போ கூட்டம்தானே!


குழாய் ஸ்பீக்கர் எழுதியது:

தம்பி, நான் சோழவந்தான் பக்கம். மைக் செட் வைத்திருக்கிறேன். என் சித்தப்பாவோடு வயர் சுருட்ட ஆரம்பித்ததிலிருந்து கணக்குப் போட்டால் 35 வருஷத்துக்கு மேலாகிறது. காதுகுத்து, கட்சிக் கூட்டம், பள்ளி ஆண்டு விழா, கும்பாபிஷேகம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் பார்த்தாயிற்று. மேடையில் பேசுகிறவருக்குக் கூட்டத்தின் முகம் தெரியும். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இரண்டு பக்கமும் தெரியும். எந்த வார்த்தையில் ஜனம் எழுந்து வேட்டியை உதறுகிறது என்று சொல்லிவிடுவேன்.

முதலில் மைக்கைப் பற்றி. நீங்கள் பஸ்ஸில் கத்தப் பழகியவர். மைக்கில் கத்தினால் குரல் பிசிறும், ஒரு வார்த்தையும் விளங்காது. கத்துகிற வேலையை ஆம்ப்ளிஃபயரிடம் விட்டுவிடுங்கள், காசு வாங்கிக்கொண்டு அதற்குத்தானே வந்திருக்கிறோம். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி. தலையைத் திருப்பினால் மைக்கும் கூடவே திரும்ப வேண்டும். தட்டிப் பார்க்காதீர்கள், ஊதிப் பார்க்காதீர்கள், அது என் நெஞ்சில் குத்துகிற மாதிரி இருக்கும். மைக்கோடு ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் நடந்து போகாதீர்கள். பெட்டியிலிருந்து வரும் சத்தம் மறுபடி மைக்குக்குள் போய், மறுபடி பெட்டிக்கு வந்து, அப்படியே சுற்றிச் சுற்றித்தான் கீச்சென்று அலறுகிறது. அலறினால் பயந்து மைக் தலையைக் கையால் பொத்துவார்கள் பாருங்கள், இன்னும் அதிகமாக அலறும். பொத்தாமல் தள்ளி வந்துவிடுங்கள்.

டிப்போ என்றால் தகரக் கொட்டகையாகத்தான் இருக்கும். சத்தம் கூரையில் அடித்துத் திரும்பி வரும். திறந்த மைதானத்தில் வேறு கூத்து. சத்தம் ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 170 மீட்டர் தள்ளிக் கட்டியிருக்கும் குழாயிலிருந்து உங்கள் குரல் அரை வினாடி கழித்து உங்களிடமே வரும். யாரோ நம்மைப் பழிப்புக் காட்டுகிற மாதிரி இருக்கும், புதிதாகப் பேசுகிறவர்கள் அதில்தான் தடுமாறுவார்கள். அதனால் ஒரு வாக்கியம் சொல்லுங்கள், நிறுத்துங்கள், அது போய்ச் சேரட்டும், அப்புறம் அடுத்தது. டிக்கெட் கொடுத்துச் சில்லறையும் கொடுத்த பிறகுதானே அடுத்த ஆளிடம் போவீர்கள்?

தாள் வேண்டாம். கை கொஞ்சம் நடுங்கினாலும் பெரிய தாள் அதைப் பத்து மடங்காக்கி ஊருக்கே காட்டும். உங்களிடம்தான் டிக்கெட் ரோல் இருக்கிறதே, விரல் நீளத்துக்குக் கிழித்து நாலு வார்த்தை எழுதி உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, என்ன பேசுவது? நான் எங்கே கற்றுக்கொண்டேன் என்று சொல்கிறேன்.

எனக்கு அப்போது 16 வயது. சித்திரைத் திருவிழா, அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று. ஆழ்வார்புரம் பக்கம் ஆற்றங்கரையில் போலீஸ் போட்டிருந்த பந்தலில் எங்கள் செட். கரை நெடுகக் குழாய் கட்டியிருந்தோம். விடிந்து அழகர் இறங்கியாயிற்று. தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் ஒரு பக்கம், சர்க்கரைச் சொம்போடு நிற்கிற பெண்கள் ஒரு பக்கம், மணலே தெரியாத கூட்டம். யாரோ ஒரு பையனைக் கொண்டுவந்து பந்தலில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மூன்று நாலு வயசு இருக்கும். சித்தப்பா டீ குடிக்கப் போயிருந்தார். ஏட்டையா "நீ சொல்லுடா" என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்.

நான் அதுவரை கேட்ட அறிவிப்பெல்லாம் சேர்த்து ஒரு தினுசாகச் சொன்னேன். "பொதுமக்கள் கவனத்திற்கு, சுமார் நான்கு வயது மதிக்கத்தக்க, மொட்டையடித்த சிறுவன் ஒருவன் கண்டெடுக்கப்பட்டுள்ளான், உரியவர்கள் அணுகவும்." மூன்று தடவை, நாலு தடவை. முக்கால் மணி நேரம் போயிற்று. ஒருத்தரும் வரவில்லை. ஆற்றில் அன்றைக்கு இருக்கிற பிள்ளைகளில் பாதிக்கு மொட்டைதான், நேர்த்திக்கடன். அது எனக்குத் தோன்றவே இல்லை.

ஏட்டையா சலித்துப்போய்ச் சொன்னார்: "ஏன்டா, அவங்க ஆத்தா பிள்ளையைத் தேடுறாளா, சிறுவனைத் தேடுறாளா? அவனை நல்லாப் பாருடா முதல்ல."

அப்போதுதான் அவனைப் பார்த்தேன். சந்தனம் பூசிய தலை, சரி. மஞ்சள் சட்டையில் மேல் பித்தான் மட்டும் கறுப்பு. இடது காலில் செருப்பு இல்லை. கையில் பச்சை பீப்பீ, அதை வாயிலிருந்து எடுத்தால் அழுகை. பேரைக் கேட்டால் "குட்டி" என்கிறான். அதையெல்லாம் அப்படியே மைக்கில் சொன்னேன். "மஞ்சச் சட்டை போட்ட பிள்ளை, மேல் பித்தான் கறுப்பு, கையில பச்சைப் பீப்பீ வச்சிருக்கான், பேரு குட்டின்னு சொல்றான், ஒரு செருப்பைத் தொலைச்சிட்டான். அம்மா, போலீஸ் பந்தலுக்கு வாங்க." பத்து நிமிஷம் ஆகியிருக்காது, ஒரு அம்மா தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். அவள் கையில் அந்த ஒற்றைச் செருப்பு.

தம்பி, நான் மேடைக்குக் கீழே உட்கார்ந்து கேட்கும் பேச்சில் முக்காலும் நான் சொன்ன அந்த முதல் அறிவிப்பு மாதிரிதான் இருக்கிறது. "கடமை உணர்வும் கனிவும் நிறைந்த பண்பாளர்." யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும், எல்லோருக்கும் மொட்டை! உங்கள் டிரைவருக்கு எந்தப் பித்தான் கறுப்பு? ஒன்பது வருஷம் பக்கத்தில் இருந்திருக்கிறீர்கள், உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத ஒன்று இருக்கும். அதை மட்டும் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

இன்னொன்று. "மேடையில் வீற்றிருக்கும்" என்று ஆரம்பித்து ஒவ்வொருவராக விளிக்காதீர்கள். ஒரு கூட்டத்தில் ஒருவர் விளித்து முடிக்கவே 11 நிமிஷம் ஆயிற்று, கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறேன். அதற்குள் நான் ஒரு பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.


பூக்காரி எழுதியது:

மைக் செட் அண்ணன் நல்லாச் சொன்னீங்க. நான் வாடிப்பட்டிப் பக்கம், பூ யாவாரம். மகளிர் குழுவில் செயலாளராவும் இருக்கேன். டீச்சரம்மா, நாறாத பூன்னு குறள் சொன்னீங்க, அதில் எனக்கு ஒரு பேச்சு இருக்கு. மல்லியை விடியுமுன்ன மொட்டாத்தான் பறிப்போம். காலையில் மூட்டையாக் கிடக்கிறப்ப அவ்வளவு வாசம் இருக்காது. சாயங்காலம் தலையில் ஏறி விரியுறப்பதான் தெரு மணக்கும். காலையிலேயே விரிஞ்ச பூவை எவனும் வாங்க மாட்டான். அதனால் கண்டக்டர் தம்பி, சொல்லப்போற கதையை வீட்டில் இருபது தடவை, டீக்கடையில் பத்துத் தடவைன்னு சொல்லிச் சொல்லி விரிச்சிடாதீங்க. ரெண்டு மூணு தடவை போதும். மிச்சம் அங்க விரியட்டும்.

நான் முதன்முதல்ல பேசினது கிராம சபையில். ஒரு அக்டோபர் 2. எங்க தெருவுக்குத் தண்ணி சரியா வரலை. குழாயடியில் நான் பேசினா எதிர்ப்பேச்சு இருக்காது. ஆனா அங்க எந்திரிச்சதும் நெஞ்சு அடைச்சுது. "தண்ணிப் பிரச்சினை ரொம்ப இருக்குதுங்க"ன்னு தொடங்கினேன். "சரி சரி, பாத்துக்கலாம், உக்காரும்மா"ன்னுட்டாங்க. உக்காந்துட்டேன். வீட்டுக்கு வந்து ஆத்திரத்தில் சோறு இறங்கலை. இந்த "உக்காரும்மா" ஆம்பளைகளுக்குக் கிடையாது, அதையும் சொல்லி வைக்கிறேன்.

அடுத்த தடவை ஜனவரி 26. இந்தத் தடவை பூ விக்கிற மாதிரிப் பேசினேன். பூ விக்கிறப்ப முதல்ல அளவும் விலையும்தானே சொல்லுவோம்? "எங்க தெருவில் 42 வீடு. குழாய் ரெண்டு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் 40 நிமிஷம் தண்ணி. வீட்டுக்கு நாலு குடம் தேறாது. நாலு குடத்தில் குளிக்கிறதா, குடிக்கிறதா, நீங்களே சொல்லுங்க"ன்னேன். எதிர்ல உக்காந்திருந்த எங்க பெரியம்மா முகத்தை மட்டும் பார்த்துச் சொன்னேன். யாரும் உக்காருன்னு சொல்லலை. மூணாவது குழாய் வர எட்டு மாசம் ஆச்சு, அது வேற கதை.

உங்க டிரைவர் வீட்டம்மா வருவாங்கல்ல? அவங்களைப் பார்த்துப் பேசுங்க தம்பி. அந்த அம்மாவுக்கு ரோட்டில் புருஷன் எப்படி இருந்தாருன்னே தெரிஞ்சிருக்காது.


ரெண்டு விசில் எழுதியது:

மூன்று நாளாக இதைத்தான் யோசித்துக்கொண்டு வண்டியில் போகிறேன். நடுவில் ஒரு ஆளுக்கு டிக்கெட்டே கொடுக்காமல் விட்டுவிட்டேன், அவராகக் கேட்டு வாங்கினார்.

அண்ணனைப் பற்றி யோசித்தால் நிறைய வருகிறது. முதல் நடையில் அச்சம்பத்தில் ஒரு கீரைக்காரப் பாட்டி ஏறும். கூடை கண்ணில் படவில்லை என்றால் அண்ணன் ஹாரனை இரண்டு தடவை லேசாகத் தட்டிவிட்டு அரை நிமிஷம் நிற்பார். கண்ணாடி துடைக்க வேட்டித் துணியில் ஒரு துண்டு வைத்திருக்கிறார். அதை வாரா வாரம் அவரே துவைத்துக் கொண்டுவருவார், வேறு யாரும் தொடக்கூடாது.

ஆனால் கறுப்புப் பித்தான் எது என்று கேட்டதும் எனக்கு வந்தது வேறு. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, வீட்டிலும்கூட. ஆறு வருஷம் முன்னால், ஐப்பசி மழை. ராத்திரி கடைசி நடை. நாகமலைப் புதுக்கோட்டையில் நாலைந்து பேர் இறங்கினார்கள். எனக்குப் பசி, கலெக்ஷன் கணக்கு வேறு இடித்தது. திரும்பிப் பார்க்காமலே இரண்டு விசில் கொடுத்துவிட்டேன். ஒரு விசில் நிற்க, இரண்டு விசில் கிளம்ப. வண்டி நகரவில்லை. மறுபடியும் கொடுத்தேன். அப்போதும் நகரவில்லை. எரிச்சலாகத் திரும்பினால், பின்படியில் ஒரு ஸ்கூல் பையன், ஒரு கால் படியில், ஒரு கால் தரையில், புத்தகப் பையின் வார் கம்பியில் மாட்டியிருக்கிறது, இழுத்துக்கொண்டிருக்கிறான். நான் ஓடிப்போய் வாரை எடுத்துவிட்டேன். அண்ணன் கண்ணாடியில் எல்லாம் பார்த்துக்கொண்டு கிளட்ச்சில் காலை வைத்து உட்கார்ந்திருக்கிறார்.

செக்கானூரணி போகும்வரை ஒன்றும் பேசவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது, "விசில் உன் வாயில, கண்ணு என் தலையில" என்றார். அவ்வளவுதான். மேலே சொல்லவும் இல்லை, இன்றுவரை குத்திக்காட்டவும் இல்லை. அன்றிலிருந்து நான் திரும்பிப் பார்க்காமல் விசில் கொடுத்ததே இல்லை.

இதைச் சொல்லலாமா? கிளை மேலாளர் முன்வரிசையில் இருப்பார். இது என் தப்பு அல்லவா.


திருமங்கலம் டீச்சர் எழுதியது:

தம்பி, கீரைப் பாட்டி கதையே அருமை, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்களுக்கு இன்னும் 16 வருஷ சர்வீஸ் இருக்கிறது. அதிகாரி முன்னால் மைக்கில் தப்பை ஒப்புக்கொள்வது வீரம் என்று யாராவது சொல்லலாம். சம்பளம் வாங்குகிறவருக்குத்தான் அதன் விலை தெரியும். அவை அறிதல் என்று நான் சொன்ன அதிகாரம் இதற்கும் சேர்த்துத்தான்.


பூக்காரி எழுதியது:

டீச்சரம்மா சொல்றதும் நியாயம்தான். ஆனா அந்தப் பாட்டி கதையை டிப்போவில் இன்னும் பத்துப் பேர் சொல்லுவாங்க. பையன் கதையை யாரு சொல்லுவா? பிள்ளைக்குத்தான் ஒண்ணும் ஆகலையே. சொல்லுங்க தம்பி.


குழாய் ஸ்பீக்கர் எழுதியது:

வேலை போகிற விஷயத்தில் நான் வாயைத் திறக்க மாட்டேன், அது நீங்கள் முடிவு செய்ய வேண்டியது. சொல்வதாக இருந்தால் ஒன்று மட்டும்: "இதிலிருந்து நான் கற்றுக்கொண்ட பாடம் என்னவென்றால்" என்று வாலைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். அவர் சொன்ன வார்த்தையைச் சொன்னதும் மைக்கை வைத்துவிடுங்கள்.


ரெண்டு விசில் எழுதியது:

நேற்று முடிந்தது. கை இன்னும் லேசாக ஆடுகிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

டிக்கெட் ரோலில் ஐந்து வார்த்தை எழுதி வைத்திருந்தேன்: பாட்டி, துணி, மழை, விசில், கண்ணு. முதல் நாளே எழுதி அண்ணன் பக்கத்தில் பானெட் மேல் வைத்துவிட்டேன், மறக்காமல் இருக்கட்டும் என்று. சூடு பட்டால் அந்தத் தாள் கறுத்துவிடும் என்பது கண்டக்டரான எனக்கே தோன்றவில்லை. மேடை ஏறிக் கையைப் பிரித்தால் முழுக்கக் கறுப்பு. ஒரு நிமிஷம் கண்ணைக் கட்டிவிட்டது. எனக்கு முன்னால் பேசியவர் "பண்பாளர்" என்று ஐந்து தடவை சொல்லியிருந்தார், எண்ணினேன்.

விளிக்கவில்லை. "எல்லோருக்கும் வணக்கம், இன்றைக்கு அண்ணன் உயிரோடுதான் இருக்கிறார், நானும் தாள் கொண்டுவரவில்லை" என்றேன். கூடம் இடிகிற மாதிரி சிரிப்பு. அதுவரை என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது என்னோடு சேர்ந்து சிரித்தார்கள், அப்புறம் கால் நடுங்கவில்லை. பாட்டியைச் சொன்னேன். துணியை மறந்தே போனேன். மழை வந்ததும் அக்கா சொன்ன மாதிரி அண்ணன் வீட்டம்மாவைப் பார்த்தேன். டீச்சரம்மா மன்னிக்க வேண்டும், வாய் தானாகச் சொல்லிவிட்டது. பையனின் கால், பையின் வார், இரண்டு விசில், எல்லாம். மேலாளர் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டாரா, கேட்காத மாதிரி இருந்தாரா, தெரியவில்லை. "விசில் உன் வாயில, கண்ணு என் தலையில" என்று சொல்லிவிட்டு மைக்கை வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் யாரும் கை தட்டவில்லை. நான் மறுபடி சொதப்பிவிட்டேன் என்றே நினைத்தேன். அப்புறம்தான் தட்டினார்கள். அந்த அம்மா முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

கடைசியில் அண்ணன் ஏற்புரைக்கு எழுந்தார். என்னைத் தேடிப் பார்த்தார். "தம்பி சொன்ன ராத்திரி எனக்கு ஞாபகமே இல்லை. கண்ணாடியைத் தினமும்தான் பார்க்கிறேன்" என்றார். மாலையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். மொத்தமே அவ்வளவுதான் பேசினார்.


குழாய் ஸ்பீக்கர் எழுதியது:

அது சரி, மைக்கை எவ்வளவு தூரத்தில் பிடித்தீர்கள்?


ரெண்டு விசில் எழுதியது:

நாலு விரல்.